ஒரு பிளேடு குறையுது

"ஒரு பிளேடு குறையுது."

ராட்சசி இதைச் சொன்னதும் ஷெட்டில் இருந்த அத்தனை பேரும் குனிந்து தரையில் தேட ஆரம்பித்தார்கள். ஃபிட்டர்தான் ரொம்ப மும்முரமாகத் தேடினான். ஏனென்றால் பிளேடு அவன் சாப்பாட்டு டப்பாவுக்குள் இருந்தது.

விமானம் பழுது பார்க்கும் அந்த ஷெட்டுக்கு அவள்தான் ஃபோர்மேன். ராட்சசி என்பது முதுகுக்குப் பின்னால் வைத்த பேர். முகத்துக்கு நேரே எல்லோருக்கும் "மேடம்"தான்.

விஷயம் இதுதான். இன்ஜினுக்குள் சுற்றுகிற பிளேடுகளில் ஒரு லாட் முழுக்க, கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம் என்று அரசாங்கம் உத்தரவு போட்டிருந்தது. எல்லாவற்றையும் கழட்டு, புதுசு மாட்டு. அதோடு விட்டால் தேவலையே! கழட்டினதை அரசாங்க அதிகாரியின் கண்ணெதிரே பிரஸ்ஸில் வைத்து, இனி எந்த ஜென்மத்திலும் யாரும் மாட்ட முடியாதபடி நசுக்கவும் வேண்டும்.

அதிகாரி வந்தாச்சு. நாற்காலியில் சாய்ந்து ரெண்டாவது டீயை ஊதிக்கொண்டிருந்தார். மற்ற பிளேடெல்லாம் நசுங்கி டிரம்முக்குள் கிடந்தது. ஒன்றைத்தான் காணோம்.

"கேட்டைச் சாத்துங்க. யாரும் வீட்டுக்குப் போக வேண்டாம். பையெல்லாம் மேஜைக்கு வரட்டும்" என்றாள் ராட்சசி.

"மேடம், நாங்க என்ன திருடங்களா?" என்று எகிறினான் ஃபிட்டர். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"அப்போ உங்க பையிலருந்தே ஆரம்பிக்கலாம் அண்ணே."

டப்பாவை எடுத்து ஒரு குலுக்குக் குலுக்கினாள். உள்ளே கடகடவென்றது.

"சாப்பிட்டு முடிச்ச டப்பா இவ்வளவு பேசுமா அண்ணே?"

மூடியைத் திறந்தாள். பிளேடு பளபளவென்று மின்னியது.

"விக்கிறதுக்கு இல்ல மேடம். சத்தியமா!"

"பின்ன எதுக்கு?"

"மாமியாருக்கு."

பின்னாலிருந்து எவனோ சிரித்தான்.

"தெரு பூரா என் மருமகன் பிளேன் கழுவுறாருன்னு சொல்லிட்டுத் திரியறாங்க மேடம். மச்சான் அதுக்கும் மேல. 'மாமா, அப்படியே என் பைக்கையும் கொஞ்சம் கழுவி விடுங்க'ங்கறான். இதை டிவி பக்கத்துல வெச்சா வாயை மூடுவாங்கன்னு பார்த்தேன். வேற ஒண்ணும் இல்ல."

"இன்னிக்கு டிவி பக்கத்துல வெப்பீங்க. நாளைக்கு வீடு மாத்தறப்போ பழைய இரும்போட போயிடும். எவனோ வாங்கி, பாலிஷ் போட்டு, புதுசுன்னு விப்பான். விவரம் தெரியாதவன் ஒருத்தன் அதையே இன்ஜின்ல மாட்டுவான். மேல போனப்புறம் பிச்சுக்கிட்டுச்சுன்னா? உங்க மாமியாரா முந்தானையை விரிச்சு பிளேனைப் பிடிப்பாங்க?"

ஃபிட்டர் குரலைத் தாழ்த்தினான். "அதான் பிடிச்சிட்டீங்களே மேடம். நசுக்கிடுங்க. சார் காதுக்குப் போக வேண்டாமே..."

போயாச்சு. அதிகாரி டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

"ஏம்ப்பா, விளையாட்டா இது? எத்தனை பேர் உசிரு! மேல உக்காந்து நாங்க என்ன வேலையில்லாமலா ரூல் போடறோம்? உன்னை மாதிரி ஒரு ஆள் போதும்யா, மொத்தமும் பாழாப் போறதுக்கு. உன் லைசென்ஸை ரத்து பண்ணச் சொல்லி எழுதறேன்."

பேனாவைத் திறந்தார்.

ஃபிட்டர் கையெடுத்துக் கும்பிட்டான். லைசென்ஸ் போனால் எந்த ஷெட்டிலும் உள்ளே விட மாட்டார்கள். அப்புறம் நிஜமாகவே பிளேன் கழுவத்தான் போக வேண்டும். அதுவும் கிடைத்தால்.

"சார், ஒரே ஒரு தடவை மன்னிச்சிடுங்க சார். ரெண்டு பிள்ளைங்க படிக்குது சார்."

"ரூல்னா ரூல்."

ஃபிட்டர் ராட்சசியைப் பார்த்தான். ஒரு வார்த்தை சொல்ல மாட்டாளா? சொன்னாள்.

"இனிஷியலை விட்டுட்டீங்க சார். பேரை முழுசா எழுதுங்க."

அடிப்பாவி!

அதிகாரி இனிஷியலைச் சேர்த்தார். எழுதிக்கொண்டே இடது கையால் பிளேடை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பேனா நின்றது. முகம் மலர்ந்தது.

"இதை மட்டும் நசுக்க வேண்டாம்மா. நான் எடுத்துக்கறேன்."

"சாட்சிக்கா சார்?"

"அட நீ வேற! சாட்சியெல்லாம் எதுக்கு? வீட்டு ஷோகேஸுக்கு. போன மாசம் இன்னொரு ஷெட்டுல ஒண்ணு குடுத்தாங்க. பாவம், ஒத்தையா நிக்குது. ஜோடியா இருந்தா பார்க்க லட்சணமா இருக்கும்ல?"

பின்னால் சிரித்தவன் ஃபிட்டரைப் பார்த்தான். ஃபிட்டர் ராட்சசியைப் பார்த்தான்.

ராட்சசி கையை நீட்டி பிளேடை வாங்கிக்கொண்டாள். குரலைக்கூட உயர்த்தவில்லை.

"எழுதுங்க சார், நிறுத்தாதீங்க. அண்ணன் பேருக்குக் கீழ இன்னொரு பேருக்கும் இடம் இருக்கு."

பேனா சட்டைப்பைக்குத் திரும்பிப் போனது. பிளேடு பிரஸ்ஸுக்குப் போனது.