முதலில் வந்த கால்

காரிலிருந்து இறங்கியதும் ஏரம்பமூர்த்தி மகனின் கையை விலக்கினார். தன் வீட்டுக்குள் தான் நடந்துதான் போகவேண்டும். யாரும் தூக்கக்கூடாது.

பக்கவாதம் பேச்சையும் கொண்டுபோயிருந்தது. அதனால் இதையெல்லாம் கண்களால்தான் சொன்னார்.

கனகேஸ்வரி கணவரின் வலப்பக்கம் போய் நின்றாள். விழுந்துபோன பக்கம் அதுதான்.

டத்தோ கிராமாட் பகுதியில் இருந்த அந்த வீட்டின் வாசலில் ஏரம்பமூர்த்தியின் அக்கா யோகலட்சுமி ஆரத்தித் தட்டோடு காத்திருந்தாள். சாலையில் போன ஒரு மோட்டார் சைக்கிளின் சத்தம் தேய்ந்து மறையும்வரை அவள் பொறுத்தாள்.

"வலக்காலை வைச்சு வா தம்பி. இந்த வீடு பட்டது போதும் லா."

அவர் தடியை ஊன்றினார். வலது காலைப் பார்த்தார். அது வரவில்லை.

மறுபடி முயன்றார். இடுப்பு மட்டும் அசைந்தது.

படி ஏறும்போது நல்ல கால்தான் முதலில் போகவேண்டும். மருத்துவமனையில் அவரைப் பழக்கியபோது கனகேஸ்வரிக்கும் அதைச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவரும் மறக்கவில்லை. ஆனால் நிலைப்படிக்கு அந்தப் பக்கம் அக்கா வலக்காலுக்காகக் காத்து நின்றாள்.

தட்டில் கற்பூரம் எரிந்து சிறுத்தது.

தூக்கிவிடலாம் என்று மகன் குனிந்தான். அவர் முகம் சிறுபிள்ளையின் முகம்போலக் கோணியது.

கனகேஸ்வரி மகனைக் கண்ணால் தடுத்தாள். கணவரின் காதருகே போய், "நல்ல கால்," என்றாள்.

இடது கால் நிலைப்படியைத் தாண்டியது. வலது கால் அதன் மரத்தில் உரசிக்கொண்டு பின்னால் வந்து சேர்ந்தது. அவர் வீட்டுக்குள் நின்றார்.

"ஐயோ, இடக்கால்!" யோகலட்சுமியின் கையில் தட்டு ஆடி, சிவந்த நீர் விளிம்பில் வழிந்தது.

"வலக்கால்தான் முதல்ல வந்தது மச்சாள். நான் பார்த்தனான்."

கனகேஸ்வரி அவளை நேராகப் பார்த்துச் சொன்னாள். யோகலட்சுமி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு மெல்லத் தட்டைத் தாழ்த்தினாள்.

கல்யாணத்தன்றும் ஆரத்தித் தட்டு அவள் கையில்தான் இருந்தது. மணப்பெண்ணாக இதே வாசலுக்கு வந்த கனகேஸ்வரி, பயத்தில் இடது காலை முதலில் வைத்துவிட்டாள். மாமியார் கத்தத் தொடங்கியபோது, தாயை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியறியாத மாப்பிள்ளை, தரையைப் பார்த்தபடி இதையேதான் சொன்னார்.

ஏரம்பமூர்த்தி மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

அவர் வாயின் இடப்பக்கம் மட்டும் மெல்லச் சிரித்தது.