இரண்டாவது வேண்டுதல்

"ஆத்தா, இவரு கால் எரிச்சலை நிறுத்திடு. செருப்பில்லாம உன் சமயபுரத்துக்கு நடத்தியே கூட்டியாறேன்" என்று ஆடி மாதம் விஜயராணி மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தாள். தை பிறப்பதற்குள் அவள் கணவர் பிச்சைமுத்துவுக்கு எரிச்சல் அடியோடு நின்றுவிட்டது.

"அப்புறம் எதுக்குங்க சர்க்கரை மாத்திரை?" என்று அதையும் அவள்தான் நிறுத்தினாள்.

சித்திரை வெயிலில் இருவரும் திருச்சியிலிருந்து நடந்தார்கள். தார் ரோடு கொதித்தது. லாரியில் தண்ணீர் தெளித்திருந்த ஓரத்துக்குக் கூட நடந்த பக்தர்கள் எல்லோரும் ஓடினார்கள். பிச்சைமுத்து மட்டும் நடு ரோட்டில் நிதானமாகப் போனார்.

"சுடலையாங்க?"

"பூ மேல நடக்கற மாதிரி இருக்கு ராணி."

தன் பக்திதான் குறைச்சல் என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் அவர் பாதம் முழுக்கக் கொப்புளம். டாக்டர் அவரைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார்.

"ஊசியால குத்துவேன். வலிச்சா சொல்லுங்க."

சற்று நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பிச்சைமுத்து கேட்டார். "எப்ப டாக்டர் குத்துவீங்க?"

பக்கத்தில் நின்ற விஜயராணி வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டர் அப்போது ஐந்தாவது தடவையாகக் குத்திக்கொண்டிருந்தார்.

"எரிஞ்சவரைக்கும் நரம்புக்கு உயிர் இருந்துச்சும்மா" என்றார் அவர். "சர்க்கரை அதைக் கொன்னுடுச்சு. அதான் எரிச்சல் நின்னுருக்கு."

வீட்டுக்கு வந்ததும் விஜயராணி இன்னொரு மஞ்சள் துணியைக் கிழித்துக் காசு முடிந்தாள்.

"ஆத்தா, அவருக்கு அந்த எரிச்சலைத் திருப்பிக் குடுத்துடு. இந்தத் தடவை நான் மட்டும் நடந்து வரேன்."