கெடு முடிய இரண்டு மணி நேரம்

ஐந்தாவது இன்னிங்ஸ் நடுவில், எங்கள் பேஸ்பால் அணியின் மேலாளர் ஹாலிஸ் எழுந்து நின்று, மைதானத்தில் இருந்த யோர்லினைக் கைகாட்டி வெளியே கூப்பிட்டார்.

துடைத்துக்கொண்டிருந்த மட்டையைக் கீழே வைத்துவிட்டேன்.

அன்று ஜூலை முப்பத்தொன்று. அணிகள் ஆட்டக்காரர்களை விற்பதற்கும் வாங்குவதற்கும் மாலை ஐந்து மணியோடு கெடு முடிகிறது. அடிபடாத ஒருவனை அன்றைக்கு ஆட்டத்தின் நடுவில் வெளியே எடுத்தால் ஒரே அர்த்தம்தான். விலை பேசியாகிவிட்டது, கையெழுத்து விழுவதற்குள் சரக்குக்குச் சேதம் வந்துவிடக்கூடாது. எங்கள் ஊரில் இது பச்சைக் குழந்தைக்கும் தெரியும்.

வாங்குகிறவர்கள் யாரென்று கேட்க வேண்டுமா என்ன? கடற்கரைப் பெருநகரத்து அணிதான். எங்கள் இருபத்தாறு பேருக்கும் சேர்த்துக் கொடுக்கிற சம்பளத்தை அவர்கள் மூன்றே பேருக்குக் கொடுக்கிறார்கள். நாங்கள் தேடிப் பிடித்து, ஊட்டிவிடாத குறையாக வளர்த்து, ஆள் தேறியதும் அவர்கள் தட்டிக்கொண்டு போவார்கள். கிளியை வளர்த்துப் பூனை கையில் கொடுத்த கதைதான் எப்போதும். பத்தொன்பது வருடமாக இந்த அணியின் மட்டைகளையும் உடைகளையும் பார்த்துக்கொள்கிறேன். எத்தனை பேருக்குப் பெட்டி கட்டிக் கொடுத்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

ஆனால் யோர்லின் வேறு. பதினேழு வயதில், கால் அளவுக்குப் பொருந்தாத ஷூவோடு டொமினிகன் நாட்டிலிருந்து வந்தவன். இந்த ஊருக்கு வாய்த்த ஒரே ஆட்டக்காரன். இவனையாவது விட்டுவைப்பார்கள் என்று அசடு மாதிரி நம்பியிருந்தேன்.

அவன் ஓடிவந்து, மைதான ஓரத்தில் நாங்கள் உட்காரும் பள்ளத்துக்குள் படி இறங்குவதற்குள் பையன்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஹாலிஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். யார் கேட்டார்கள்? ஆளாளுக்குக் கட்டிப்பிடித்தார்கள். விற்றுப்போனவனை அப்படி வழியனுப்புவதுதான் வழக்கம்.

"போடா, போ. இனிமே நீ பெரிய இடம். எங்களையெல்லாம் ஞாபகம் வெச்சுக்கடா பாவி!" அழுதுகொண்டே முதுகில் குத்தினான் பந்து பிடிக்கிற டட்லி.

அதைப் பெரிய திரையில் காட்டிவிட்டார்கள். அரங்கத்தில் இருந்த பதினோராயிரம் பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். யோர்லின் பெயர் போட்ட சட்டையோடு ஒரு பெண் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

யோர்லின் தொப்பியைக் கழற்றி நாலு பக்கமும் காட்டினான். முகத்தில் அழுகையும் இருந்தது, சிரிப்பும் இருந்தது. பணம் வரப்போகிறது, எங்களை விட்டும் போகிறான். இரண்டுக்கும் அவனைக் குறை சொல்ல முடியாது.

நேராக என்னிடம் வந்தான்.

"வெண்டல் அண்ணே, என் போனைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க. டிவியில வர்றதுக்குள்ள அம்மாகிட்ட நானே சொல்லணும்."

ஆட்டம் முடியும்வரை போன்கள் உள்ளே பூட்டிக் கிடக்கும். போய் எடுத்தேன். அவன் அக்கா பதினான்கு முறை கூப்பிட்டிருந்தாள். அதற்குள் அங்கேயும் சேதி போய்விட்டதாக்கும், வாழ்த்துச் சொல்லத் துடிக்கிறார்கள் என்று நினைத்தேன். கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது.

திரும்பி வந்தபோது ஹாலிஸ் அவனை நடைவழியில் தனியாக நிறுத்தி, இரண்டு தோள்களையும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"உங்க அக்கா ஆபீசுக்குக் கூப்பிட்டாங்கப்பா. அம்மா மத்தியானம் தவறிட்டாங்களாம். அதைச் சொல்லத்தான் உன்னை வெளிய கூப்பிட்டேன்."

யோர்லின் சுவரோடு சரிந்து உட்கார்ந்தான். வெளியே கைதட்டல் இன்னும் ஓயவில்லை.

போனைக் கையில் வைத்துக்கொண்டு நான் நின்றேன். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லியிருக்க வேண்டும். கடவுள் என்னை மன்னிக்கட்டும், என் மனதில் முதலில் வந்தது வேறு.

அப்பாடா, பையனை விற்கவில்லை.