மூன்று ஜெராக்ஸ்

விமான நிலையம் வரும்வரை மாப்பிள்ளையின் வாய் ஓயவில்லை.

"மாத்திரையைக் கைப்பையில வைங்க மாமா. யார் பொட்டலம் குடுத்தாலும் வாங்காதீங்க. பாஸ்போர்ட் தொலைஞ்சா வம்புன்னு நேத்து ஆபீஸ்லயே மூணு ஜெராக்ஸ் எடுத்துட்டேன். எல்லாம் இந்தக் கவர்ல இருக்கு."

"சரிங்க மாப்பிள்ளை."

"முக்கியமா, பாஸ்போர்ட்டை மட்டும் கையை விட்டுடாதீங்க."

நுழைவாயிலில் நின்ற பெண் காவலர் கவரைப் பிரித்தாள். மூன்று ஜெராக்ஸும் இருந்தன.

"ஒரிஜினல் எங்கே சார்?"

மாப்பிள்ளை கவரை உதறிக்கொண்டிருந்தபோதே போன் வந்தது. ஆபீஸ் மேனேஜர்.

"ஜெராக்ஸ் மெஷின் மூடியைத் திறந்தா, உள்ள யாரோ பெரியவர் பாஸ்போர்ட் கெடக்கு. உங்களுக்குத் தெரிஞ்சவரா?"

மாமனார் பெட்டியை வந்த வழியே திருப்பினார்.

"நான் கையை விடலை மாப்பிள்ளை. கைக்கு வந்தாத்தானே விட."