வேண்டாத சேவை

"விவரமெல்லாம் எனக்கு வேண்டாம் தம்பி. நிறுத்துங்க, அவ்வளவுதான்."

ஹிசாயோ அம்மையார் தொலைபேசியை மேசைமீது வைத்து ஒலிபெருக்கியை முடுக்கினார். எதிரே ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டிருந்த தொமோகாவும் கேட்கட்டும் என்பது அவர் எண்ணம். பக்கத்தில் ஒரு தோழி இருக்கையில் சண்டைக்குத் தனித் தெம்பு வந்துவிடுகிறது.

"அது இல்லீங்க மேடம். இந்தச் சேவை என்னன்னு ஒரே ஒரு நிமிஷம்..."

"நான் கேக்காத சேவை. அது தெரிஞ்சா எனக்குப் போதும்."

நுகர்வோர் உதவி நிலையத்துப் பெண்மணி முன்னதாகவே எச்சரித்திருந்தார். பேசவிட்டால் மயக்கிவிடுவார்கள், அவர்கள் விளக்கத் தொடங்கினால் 'வேண்டாம், நிறுத்துங்கள்' என்பதற்குமேல் ஒரு சொல்லும் பேசாதீர்கள் என்று. ஹிசாயோ அதை வேதவாக்காகக் கொண்டிருந்தார்.

இந்த வசந்தம் தொட்டு அவருடைய வங்கி அட்டையிலிருந்து மாதந்தோறும் பணம் போய்க்கொண்டிருந்தது. வாங்கிக்கொள்பவர் யாரென்று பார்த்தால் மூன்றே எழுத்துகள். அவற்றின் விரிவு எங்கும் இல்லை. எதற்கும் கையெழுத்திட்டதாக அவருக்கு நினைவில்லை. கணவர் விட்டுச்சென்ற ஓய்வூதியத்தில் நல்லதொரு பங்கை எவனோ உட்கார்ந்து தின்கிறான் என்பதை எண்ணும்போதெல்லாம் அவருக்கு வயிறு எரிந்தது.

இணையத்தில் நிறுத்தலாமென்று சென்ற வாரம் முயன்றபோது, அது பொத்தானுக்குப் பின் பொத்தானாக அவரைச் சுற்றவிட்டு, 'நிறுத்தினால் வருந்துவீர்கள், உறுதிதானா?' என்று வேறு கேட்டது.

"மேலாளர்கிட்ட கேட்டுட்டு வர்றேங்க, லைன்லயே இருங்க" என்றான் இளைஞன். பியானோ இசை ஒலிக்கத் தொடங்கியது.

"பாட்டுப் போட்டுத் தூங்க வைக்கப் பாக்கறான். நான் தூங்கற ஆளா?" என்றார் ஹிசாயோ.

"விட்டுடுங்களேன் அக்கா" என்றாள் தொமோகா, தலை நிமிராமல். "மாசம் ஏதோ போகுது. எதுக்கு மனச அலட்டிக்கறீங்க?"

"உன்ன மாதிரி சோணகிரியத்தான் இவனுங்க தேடிக்கிட்டுத் திரியறானுங்க. பணம் திரும்பி வரட்டும், யுஃபுயினுக்கு உன்னக் கூட்டிக்கிட்டுப் போறேன். வெந்நீர் ஊத்துல கழுத்து வரைக்கும் உக்காந்து, பனி விழுறதப் பாத்துக்கிட்டு இவனுங்களத் திட்டுவோம். உன் செலவும் என்னோடது."

"அதெல்லாம் வேண்டாங்க அக்கா."

"வேண்டாம்னு சொல்ல நீ யாரு? எனக்கு வேற யாரு இருக்கா கூட்டிட்டுப் போக?"

அது வெறும் பேச்சன்று. சப்போரோவிலிருக்கும் மகன் ரியோஜி புத்தாண்டுக்கு வந்தாலே பெரிது. தொமோகாவோ, சென்ற ஆண்டு வசந்தத்தில் நூலகத்தில் பக்கத்து நாற்காலியில் தற்செயலாக வந்து அமர்ந்தவள். அன்றுமுதல் ஒரு புதன்கிழமையும் தவறாமல் வந்தாள். இந்த வயதில், நாற்பது வயதான உடன்பிறவாத் தங்கை ஒருத்தி கிடைத்தாளென்று ஹிசாயோ அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொள்ளாத நாளில்லை.

மாடிப்படி ஏறும்போது மார்பில் வலிப்பதை மருத்துவரிடம்கூடச் சொல்லாதவர், இவளிடம் சொன்னார். மறுநாளே ரியோஜி தொலைபேசியில், "அம்மா, நெஞ்சு கிஞ்சு வலிக்குதா?" என்று கேட்டான். எட்டாத தொலைவிலிருந்தும் பெற்ற வயிற்றின் நோவு பிள்ளைக்குத் தெரிகிறதே என்று அன்றிரவு அவர் தனியே கண்கலங்கினார்.

இசை நின்றது.

"மேடம், உங்ககிட்ட கேக்காமப் புதுப்பிச்சது எங்க தப்புதாங்க. உங்க மகன் உங்களுக்குப் பரிசாக் கட்டின ஒரு வருஷம் முடிஞ்சதும், அவர் பதிவுல குடுத்திருந்த உங்க அட்டையிலேருந்து அதுவாப் பிடிச்சிருக்கு. பிடிச்ச பணம் முழுசும் திரும்ப வந்துடும். சேவையை இந்த நிமிஷத்தோட நிறுத்திட்டோம்."

"என் மகனா? என்ன பரிசு?" என்று ஹிசாயோ கேட்பதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது.

வெற்றியின் களிப்பும் குழப்பமும் ஒன்றாய்க் கலந்த முகத்தோடு அவர் திரும்பினார். "கேட்டியா தொமோகா? ரியோஜி எதையோ வாங்கிக் குடுத்தானாம். ஒண்ணுமே வீட்டுக்கு வந்து சேரலியே. அவனையும் சேத்து ஏமாத்தியிருக்கானுங்க."

தொமோகாவின் கைப்பேசி ஒருமுறை ஒலித்தது. அவள் அதை எடுத்துப் படித்தாள்.

உரித்த ஆரஞ்சைச் சுளை கலையாமல் தட்டில் வைத்து அவர்பக்கம் நகர்த்தினாள். பிறகு மேசையை விட்டு விலகி, பாயில் மண்டியிட்டு, இரு கைகளையும் ஊன்றி, நெற்றி கைகளைத் தொடுமளவு தாழ்ந்து வணங்கினாள்.

"இத்தனை புதன்கிழமையா எங்க சேவையைப் பயன்படுத்திக்கிட்டதுக்கு ரொம்ப நன்றிங்க, மேடம்."