இடப்பக்க இருக்கை

ரசமட்டத்தின் குமிழி வலப்பக்கம் ஓடி நின்றது.

இடப்பக்கம் இன்னும் இறங்கித்தான் இருக்கிறது.

அவன் ரசமட்டத்தைக் காரின் மேலிருந்து எடுத்து ஷெட்டின் தரையில் வைத்தான். குமிழி நடுவில் நின்றது. தரையில் கோணல் இல்லை.

சிவப்புக் கார். இரண்டே இருக்கைகள். மேற்கூரை கிடையாது. குன்னூரில் ஓர் எஸ்டேட் பங்களாவின் பின்புறம் கிடந்ததை வாங்கி, லாரியில் ஏற்றிக் கோவைக்குக் கொண்டுவந்திருந்தான். அங்கே அதில் கோழிகள் அடைந்துகொண்டிருந்தன. எல்லாம் வலப்பக்க இருக்கையில்தான். இடப்பக்கத்தில் ஓர் எச்சம்கூட இல்லை.

இடப்பக்கக் கதவைச் சுற்றிலும் பற்றவைத்து அடைத்திருந்தார்கள்.

துருவை மறைக்கச் செய்த மட்டமான வேலை என்று நினைத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து கிரைண்டரால் அறுத்துத் திறந்தான்.

மற்றதெல்லாம் சரியாக வந்தது. சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. பெயின்ட்டில் முகம் தெரிந்தது.

இந்தச் சாய்வு மட்டும் போகவில்லை.

ஸ்பிரிங்கை மாற்றினான். மாற்றியதையும் மாற்றினான். மெக்கானிக் மயில்சாமி அடியில் படுத்து வெகுநேரம் பார்த்தார். கையைத் துடைத்தபடி வெளியே வந்தார்.

“ஸ்பிரிங்குல ஒண்ணுமில்லீங்க சார். ஒரு ஆளு ஏறி உக்காந்தா எவ்வளவு எறங்குமோ, அவ்வளவுதான் எறங்கியிருக்குது. ஆள எறக்கி உட்டுட்டு அளந்து பாருங்க.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். அவனும் சிரித்தான்.

அன்று மயில்சாமி டீக்கு நிற்கவில்லை.

மனைவி இன்னும் அதில் ஏறவில்லை. அவளை உட்காரவைத்து ஓட்டவேண்டும் என்றுதான் அந்தக் காரையே வாங்கினான். அந்த இருக்கைக்கு அவளுக்குப் பிடித்த நிறத்தில் தோல் தைத்திருந்தான். அவள் ஷெட்டுக்கு வெளியே நின்றே பார்ப்பாள்.

“மொதல்ல அது நேரா நிக்கட்டுங்க. அப்பறம் ஏறுறேன்.”

அவள் அதை விளையாட்டாகச் சொல்லவில்லை. ஏன் என்று அவன் கேட்கவுமில்லை.

சனிக்கிழமை மாலை, இடப்பக்க டயர்களுக்கு அடியில் பலகைத் துண்டுகளைச் செருகினான். பழைய மிதியடிகளைப் போட்டு மறைத்தான். கார் நேரானது.

அவளைக் கூப்பிட்டான்.

முன்னால் நின்று பார்த்தாள். பின்னால் போய்ப் பார்த்தாள். மிதியடிகளைத் தூக்கிப் பார்க்கவில்லை. அவன் சொன்னால் நம்புகிறவள்.

“நேராத்தான் நிக்குது,” என்றாள்.

அவன் கதவைத் திறந்து பிடித்தான். அவள் சேலையை ஒதுக்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள்.

கார் இறங்கவில்லை.

அவன் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே இருந்த இடைவெளியைப் பார்த்தபடி நின்றான். நூலளவும் குறையவில்லை.

சொல்லிவிடலாம். இறங்கு என்று ஒரு சொல் போதும்.

அவள் அண்ணாந்து அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

அவன் கதவைச் சாத்தினான்.

மருதமலை அடிவாரம்வரை போய்த் திரும்பினார்கள். நல்ல காற்று. சாலையில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அவள் வழி நெடுகக் கதவை ஒட்டி ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள்.

“தாராளமா உக்காரு.”

“ம்,” என்றாள். நகரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் காரை வெறும் தரையில் நிறுத்தினான். அவள் இறங்கினாள்.

ஸ்பிரிங் முனகியது. இடப்பக்கம் மெல்ல மேலே எழுந்து நின்றது.

ரசமட்டத்தை எடுத்துவந்து வைத்தான். குமிழி நடுவில் நின்றது. எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் நடுவில் நின்றது.

அவளிடம் காட்டத் திரும்பினான். அவள் உள்ளே போயிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவள் சோபாவில் ஓரமாகவே உட்கார்ந்தாள். அவன் காருக்கு மெழுகு போட்டுக்கொண்டிருந்தான்.

திங்கட்கிழமை காலை, வேலைக்குக் கிளம்பினாள். சாப்பாட்டுப் பையை மாட்டினாள். ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டாள். அவன் காபி டம்ளருடன் ஷெட் வாசலில் நின்றான்.

அவளுடைய ஸ்கூட்டரில் பின்னால் உட்காருகிறவருக்கான கால்மிதி எப்போதும் மடங்கியே இருக்கும். அவள் யாரையும் ஏற்றுவதில்லை.

இன்று அது விரிந்திருந்தது.

அவள் ஏறி, காலை ஊன்றி, வண்டியைப் பிடித்துக்கொண்டாள். கிளம்பவில்லை. முகத்தைப் பாதி திருப்பிக் காத்திருந்தாள்.

ஸ்கூட்டரின் பின்பக்கம் மெல்ல இறங்கியது.

பிறகுதான் கிளம்பினாள். வண்டி இடப்பக்கம் சாய்ந்தது. வெகுநாள் பழக்கம்போல, அவள் உடம்பை வலப்பக்கம் சாய்த்துச் சமன் செய்துகொண்டு கேட்டைத் தாண்டினாள்.

அவன் கூப்பிட வாயெடுத்தான்.

கூப்பிட்டால் திரும்பி வருவாள்.

தனியாக வரமாட்டாள்.

காபியில் ஆடை படியும்வரை அப்படியே நின்றான். அவனுக்குப் பின்னால் கார் நேராக நின்றது.