தட்டில் வளரும் மாதங்கி

ஓய்வு பெற்ற துறைமுக அதிகாரி பத்மநாபன், கல்யாண மாப்பிள்ளை கணக்காக இஸ்திரிச் சட்டையில் ஜாதவ்பூர் ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். மனைவியைப் பார்க்கப் போகிறார் அல்லவா! மாதங்கி இறந்து ஒரு வருஷம். அவள் ரத்தத்தில் எடுத்த நோயெதிர்ப்பு செல்களை மகள் மேக்னா கண்ணாடித் தட்டில் வளர்த்துவந்தாள். பிறர் ரத்தத்துப் புரதம் அந்தச் செல்களின் ஏற்பிகளில் ஒட்டினால் திரையில் பச்சை ஒளி தெரியும். கல்கத்தாவில் பாதிப் பேர் ரத்தத்தை விட்டுப் பார்த்தாயிற்று, ஒன்றும் ஒட்டவில்லை. இன்றும் ஒட்டாவிட்டால் செல்களைக் கொட்டிவிட வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு.

"உங்கம்மா யார்கூட ஒட்டினா? நம்ம பாலிகஞ்ச் பேட்டை பூரா சண்டைதான். என்னோடதை விட்டுப் பாரு!"

"ஆரே பாபா, கையை ஆட்டாதீங்கோ. செல்லுக்கு ஆள் அடையாளமெல்லாம் தெரியாது."

மேக்னா அவர் கையில் நாடாவைக் கட்டி, நரம்பைத் தட்டி, ஊசியின் உறையைப் பிரித்தாள். அப்போது திரையோரம் ஒரு பச்சைப் புள்ளி மின்னியது. பிறகு பத்து. பிறகு திரை முழுக்கக் காளி பூஜை விளக்குகள்.

"பாத்தியா, ஒட்டிண்டுட்டா!" பத்மநாபன் நாற்காலியை விட்டே துள்ளினார்.

மேக்னா குனிந்து பார்த்தாள். ஊசி இன்னும் அவள் விரல்களுக்கிடையில்தான் இருந்தது, ஒரு துளி ரத்தமும் படாமல்.